சுட்டது யார்னு வெளியில தேடாதீங்க: ‘அந்த நாள்’ முதல் ‘ஆரண்ய காண்டம்’ வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஓசூரிலிருந்து பேசுறேன். ரொம்ப நாளா நம்ம இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி: “தமிழ்ல நுவார் படம்னா அது 2011-ல ‘ஆரண்ய காண்டம்’ வந்ததுக்கு அப்புறம்தானே ப்ரோ?” இன்னொரு கோஷ்டி இதுக்கு நேரெதிர்: “அதெல்லாம் 1954-லயே ‘அந்த நாள்’ல பண்ணியாச்சு, இப்ப வர்றதெல்லாம் காப்பி.”

ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத்தான் இந்த எபிசோடு. பழைய நுவார் உசத்தியா, புது நுவார் உசத்தியான்னு மார்க் போடப் போறதில்லை. நான் பார்க்க விரும்புறது ஒரே விஷயம்: படம் முடியும்போது சந்தேகம் யார் மேல போய் நிக்குது? எழுபது வருஷத்துல அந்த இடம் எப்படி மாறியிருக்கு? ஓசூர் மாதிரி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு இதை ஏன் பேசணும்னும் கடைசியில சொல்றேன்.

ஒரு எச்சரிக்கை. ‘அந்த நாள்’, ‘புதிய பறவை’, ‘ஆரண்ய காண்டம்’ மூணு படத்தோட முடிவையும் சொல்லிடுவேன். பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

நுவார்னா என்ன, சுருக்கமா

நுவார் என்பது பிரெஞ்சுச் சொல். அர்த்தம், கறுப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அங்கே அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்ததும் மொத்தமாக வந்து இறங்கின. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’, ‘டபுள் இண்டெம்னிட்டி’ மாதிரிப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்த பாரிஸ் விமர்சகர்களுக்கு, அமெரிக்கப் படத்தின் முகமே இருண்டுபோன மாதிரி இருந்தது. 1946-ல் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் ‘ஃபிலிம் நுவார்’ என்று எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு நாம் எடுப்பது நுவார் என்றே தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது கிரைம் படம், அவ்ளோதான்.

பொதுவாக 1941 முதல் 1958 வரை, அதாவது ‘மால்டீஸ் ஃபால்கன்’ முதல் ‘டச் ஆஃப் ஈவில்’ வரை, இதைக் கிளாசிக் காலம் என்பார்கள். பில்லி வைல்டர், ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் என்று இதில் முக்கியமான பல இயக்குநர்கள் ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். ஜெர்மானிய சினிமாவின் நிழல்களையும் கோணல் கேமராவையும் கையோடு கொண்டு வந்தார்கள்.

கதை எப்படி இருக்கும்? சராசரி ஆள் ஒருத்தன். அவனுக்கு ஒரு ஆசை. பெரும்பாலும் ஒரு பெண் அவனைத் தப்பான வழியில் இழுப்பாள். கடைசியில் ரெண்டு பேரும் அழிவார்கள். அழிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அப்போது ஹாலிவுட்டில் ஒரு தணிக்கை விதித்தொகுப்பு இருந்தது. குற்றம் செய்தவன் தப்பிக்கிற மாதிரி காட்டக் கூடாது. 1968-ல் அந்த விதித்தொகுப்பு போய், வயதுவாரிச் சான்றிதழ் முறை வந்தது. ஆறே வருஷத்தில் ‘சைனாடவுன்’ வந்தது. அதில் பெரிய குற்றவாளி நிம்மதியாகத் தப்பிக்கிறான். ஹாலிவுட்டில் பழைய நுவாருக்கும் புது நுவாருக்கும் நடுவே கோடு போட வேண்டும் என்றால், நான் அங்கேதான் போடுவேன்.

நம்ம கோடு எங்கே? அதைப் பார்க்க 1943-க்குப் போகணும்.

மெட்ராஸ்ல குண்டு விழுந்த ராத்திரி

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மெட்ராஸ் நகரமே காலியானது. மூட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் ஜப்பான் வரவில்லை. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அடுத்த வருஷம் 1943 அக்டோபரில், எல்லாரும் கொஞ்சம் மறந்திருந்த நேரத்தில், ஒரு ஜப்பானிய விமானம் நகரத்தின் மேல் குண்டு போட்டது.

‘அந்த நாள்’ படத்தின் பின்னணி அந்தக் குண்டுவீச்சுதான். கதை சொல்லும் தேதி 1943 அக்டோபர் 11. மறுநாள் காலையில் மெட்ராஸில் ஒரு வீட்டில் துப்பாக்கிச் சத்தம். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர் செத்து விழுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. தமிழ்நாட்டின் புதிய நட்சத்திரம் முதல் காட்சியிலேயே பிணமாகிறார். இன்னைக்கு ஒரு பெரிய ஹீரோவிடம் இந்தக் கதையைக் கொண்டுபோய்ச் சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

படம் ஏவிஎம் தயாரிப்பு. இயக்கம் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தரேதான், பின்னாளில் பத்ம பூஷண் வாங்கியவர். திரைக்கதை ஜாவர் சீதாராமன். படத்தில் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமாக வருபவரும் அவர்தான். ஒளிப்பதிவு மாருதி ராவ். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரு படத்துக்கு இருபது பாட்டுகூடச் சாதாரணம் என்றிருந்த காலத்தை அப்போதுதான் தமிழ் சினிமா தாண்டி வந்திருந்தது. ஒரு கர்நாடக இசைக் கலைஞர் பாட்டே இல்லாமல் படம் எடுத்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த முரண்.

1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ காட்டப்பட்டது. ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் படம். ‘அந்த நாள்’ அந்த உத்தியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். ‘ரஷோமோன்’ முடியும்போது உண்மை எதுவென்று உறுதியாகத் தெரியாது. ‘அந்த நாள்’ உண்மையைச் சொல்லிவிடும். சொல்லுகிற இடம்தான் அதிர்ச்சி.

பக்கத்து வீட்டுக்காரர் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பில் இருந்த அம்புஜம், மனைவி உஷா. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி இன்னொருத்தரைக் கை காட்டுகிறார்கள். சொத்துத் தகராறு, பொறாமை, கள்ள உறவு என்று ஒவ்வொரு கதையிலும் ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் பார்த்தால், குண்டு கிளம்பியது மனைவி உஷாவின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து. ராஜன் ஜப்பானுக்கு ரகசியம் விற்றவன். தேசத்துரோகி.

குற்றவாளி ஒரு இன்ஜினியர்

நான் இன்ஜினியரிங் படிச்சவன்கிறதால ராஜன் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறார். அவர் ரவுடி இல்லை, பசியால் திருடியவனும் இல்லை. படித்தவர், திறமைசாலி, பேச்சாளர். தன் ஆராய்ச்சியை இந்த நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரம் அவருக்கு. ‘என் திறமைக்கு இங்கே மரியாதை இல்லை’ என்ற அந்தப் புலம்பலை நம்ம ஆபீஸ் கேன்டீன்ல எத்தனை தடவை கேட்டிருப்போம்! ராஜன் அந்தப் புலம்பலை அதன் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனவர்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே 1943 அக்டோபரில், குண்டு விழுந்த பத்தாவது நாள், அதாவது அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பான் ஆதரவோடு. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி, மெட்ராஸ் டாக்டர். அங்கே ஜப்பானோடு கை கோத்தவர் தேசபக்தர், இங்கே படத்தில் கை கோத்தவன் துரோகி. 1954-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் பதினோரு வருஷத்துக்கு முந்தைய செய்தி. ராஜனைத் துரோகியாக்குவது அவன் தேர்ந்தெடுத்த பக்கம் மட்டும் இல்லை, அதற்கு அவன் போட்ட விலையும் சேர்ந்துதான். அதனால்தான் படம் சண்டையைப் போர்க்களத்தில் வைக்காமல் ஒரு கணவன் மனைவிக்கு நடுவே வைத்தது.

இப்போது உஷாவைப் பாருங்க. ஹாலிவுட் நுவாரில் பெண் என்றால் பொறி. அவள்தான் ஆணைக் குற்றத்துக்குள் இழுப்பாள். இங்கே தலைகீழ். ஆண் இருட்டில் இருக்கிறான், உண்மை அவளிடம் இருக்கிறது. அந்த உண்மைக்கு அவள் கொடுக்கும் விலை, அவள் கட்டிய தாலி. சந்தேகம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வீட்டு வாசலையும் தாண்டி, படுக்கையறைக்கே வந்து நிற்கிறது.

படம் 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. அன்றைக்குத்தான் காமராஜர் முதல்வராகப் பதவியேற்றார். பதவியை விட்டு இறங்கியவர் ராஜாஜி, நம்ம ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், சினிமா என்றாலே முகம் சுளிப்பவர். அந்த வருஷத் தேசிய விருதுகளில் தமிழில் வெள்ளிப் பதக்கம் ‘மலைக்கள்ளன்’ படத்துக்கு, ‘அந்த நாள்’ படத்துக்குத் தகுதிச் சான்றிதழ். வசூலில் பெரிய படம் அல்ல. பாட்டில்லாத படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஜனங்கள் தயாராக இல்லை.

எல்லை தாண்டி வந்த கதாநாயகிகள்

நம்ம மாவட்டத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரிந்தது, 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனியானது. அந்தப் பெரிய சேலம் மாவட்டத்தில்தான் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1950-ல் அவர்கள் எடுத்த ‘திகம்பர சாமியார்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல். பல வேஷங்களில் வந்து குற்றவாளியைப் பிடிப்பவர் எம்.என். நம்பியார்! வில்லன் என்று நாம் பார்த்துப் பழகிய முகம் அதில் நீதியின் முகம். ‘அந்த நாள்’ வருவதற்கு நாலு வருஷம் முன்பே தமிழ்க் குற்றப்படத்துக்கு நம்ம பக்கத்தில் ஒரு பட்டறை இருந்தது.

அடுத்தது உஷா. அந்த வேஷத்தில் நடித்த பண்டரிபாய் கன்னடக்காரர். அதே 1954-ல் ‘பேடர கண்ணப்பா’ என்ற கன்னடப் படத்தில் ராஜ்குமாருக்கு ஜோடி. ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான படம் அதுதான். ஒரே வருஷத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சினிமாவின் பெரிய ஆரம்பத்திலும், இந்தப் பக்கம் ஒரு சினிமாவின் பெரிய பரிசோதனையிலும் அவர் இருந்திருக்கிறார்.

பத்து வருஷம் கழித்து 1964-ல் ‘புதிய பறவை’. இயக்கம் தாதா மிராசி, தயாரிப்பு சிவாஜி பிலிம்ஸ். மூலக்கதை ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படம், அதற்கும் இதற்கும் நடுவே வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’. கலர் படம், அருமையான பாட்டுகள், பணக்கார மாளிகை. நுவாருக்கு வேண்டிய வறுமையும் இல்லை, கறுப்பு வெள்ளையும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது சுத்தமான நுவார். கோபால் தன் முதல் மனைவியை அடித்த அடியில் அவள் இறந்துபோகிறாள், அவன் அதை ரயில் தண்டவாளத் தற்கொலையாக ஜோடித்து விடுகிறான். இப்போது அவன் காதலிக்கும் லதா உண்மையில் போலீஸ். கல்யாணம், காதல், திரும்பி வந்த மனைவி என்று மொத்தமும் அவனிடம் வாக்குமூலம் வாங்க நடத்திய நாடகம்.

லதாவாக நடித்தவர் பெங்களூர் சரோஜாதேவி. பண்டரிபாய், சரோஜாதேவி, ரெண்டு பேரும் எல்லை தாண்டி வந்தவர்கள். ரெண்டு பேரிடமும்தான் உண்மை இருக்கிறது. ரெண்டு இடத்திலும் மாட்டிக்கொள்கிற குற்றவாளி சிவாஜி, அதாவது படம் பார்க்கிறவர்கள் மனசுக்குள் வைத்துக் கொண்டாடிய ஆள். கிளாசிக் தமிழ் நுவாரின் துணிச்சல் இதுதான். நீ நேசிக்கிற முகம்தான் குற்றவாளியின் முகம் என்று சொன்னது.

அதேசமயம் அதன் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ‘அந்த நாள்’ படத்தில் சி.ஐ.டி. சிவானந்தம் நேர்மையானவர், ‘புதிய பறவை’யில் மொத்தப் போலீஸும் நேர்மையானது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷமே ஆன நாடு. அரசாங்கம் இருட்டுக்கு வெளியே நிற்கிறது என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. உஷாவும் லதாவும் தங்கள் அன்பை விட்டுக்கொடுத்து உண்மையை அந்தச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஜெய்சங்கர் காலம். அதே மாடர்ன் தியேட்டர்ஸ், ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று ஜேம்ஸ்பாண்ட் பாணிக்குப் போனது. ஜாலியான படங்கள். ஆனால் குற்றவாளி வீட்டைவிட்டு வெளியே போய்விட்டான். கொள்ளைக்கூட்டம், ரகசிய அறை, விசைப்பலகை என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டான். 1970-ல் வெளிவந்த ‘நடு இரவில்’ மூலம் பாலசந்தர் சந்தேகத்தை மறுபடி ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவர் வீணையோடே இருந்துவிட்டார்.

2011: சட்டமே இல்லாத ஒரு நாள்

இப்போ ‘ஆரண்ய காண்டம்’. தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். தயாரிப்பு எஸ்.பி. சரண், ஒளிப்பதிவு பி.எஸ். வினோத். வடசென்னை, ஒரே நாள் கதை, ஒரு கொகெயின் பை, ரெண்டு கும்பல். யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை உண்டு, ஆனால் ஆடிப் பாடுகிற பாட்டு கிடையாது. ஐம்பத்தேழு வருஷம் கழித்தும் பாட்டில்லாத படம் தைரியமான முடிவாகவே இருந்தது. தணிக்கையில் இழுபறி, தியேட்டரில் கூட்டம் இல்லை. பிறகு தேசிய விருதில் சிறந்த அறிமுக இயக்குநர் படம், சிறந்த படத்தொகுப்பு என்று ரெண்டு விருது. ‘அந்த நாள்’ கதையே மறுபடி நடந்த மாதிரி இல்லை?

பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்.

முதல்ல வெளிச்சம். மாருதி ராவ் காலத்தில் இருட்டு என்றால் குற்றம், வெளிச்சம் என்றால் விசாரணை. வினோத்தின் படத்தில் கொலைகள் பட்டப்பகலில், மொட்டை வெயிலில் நடக்கின்றன. ஒளிய வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

அடுத்து சட்டம். போலீஸ் வருகிறது, ஆனால் நீதியாக வரவில்லை. கும்பல்கள் தங்கள் கணக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்கின்றன. சிவானந்தம் மாதிரி எல்லாரையும் ஒரு அறையில் உட்காரவைத்து உண்மையைக் கேட்க ஆளே கிடையாது.

கடைசியாகப் பெண். சிங்கப்பெருமாள் என்ற கிழட்டு தாதா, தன் வீட்டில் அடைத்துவைத்திருப்பவள் சுப்பு. அவளைக் காவல் காக்க எல்லாரும் கேலி செய்கிற சப்பை. பரிதாபமான ஒரு காதல் என்றுதான் நாமும் நினைப்போம். கடைசியில் அந்தக் காதலே அவள் போட்ட திட்டம். சப்பையையும் சுட்டுவிட்டு, பணத்தோடு கிளம்பிப் போகிறாள். ஹாலிவுட் கணக்கில் இவள் பொறி. தண்டனை கிடைத்தே ஆக வேண்டும். படம் தண்டிக்கவில்லை.

உஷாவையும் சுப்புவையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டு பேரும் தங்கள் மேல் அன்பு வைத்த ஆணைச் சுடுகிறார்கள். உஷா நாட்டுக்காக, அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கை இல்லை. சுப்பு தனக்காக, அதற்குப் பிறகுதான் அவளுக்கு வாழ்க்கையே. இந்த எழுபது வருஷத் தமிழ் நுவாரில் நடந்த பெரிய மாற்றம் என்ன என்று என்னைக் கேட்டால், கேமராவைவிட, கலரைவிட, இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். ‘ஆரண்ய காண்டம்’ பார்க்கிற மல்டிபிளெக்ஸ் ஆளுக்கு அந்த உலகம் வேறு யாரோ ஒருத்தருடைய உலகம். வடசென்னை, தாதா, கத்தி. பார்த்து ரசித்துவிட்டு பார்க்கிங்ல வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடலாம். ராஜன் அப்படி விடமாட்டார். அவர் நம்ம பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கிற ஆள்.

ரெண்டு வழி

2011-க்குப் பிறகு தமிழ்க் குற்றப்படங்கள் ரெண்டு வழியில் பிரிந்தன என்பது என் கணிப்பு.

ஒரு வழியில் சந்தேகம் இன்னும் நம்மை நோக்கியே வருகிறது. மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’, 2013. ஒரு மருத்துவ மாணவன், ரோட்டில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஒருத்தனை மனிதாபிமானத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறான். அவன் தேடப்படும் கொலைகாரன். இதிலும் பாட்டு இல்லை, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். மணிகண்டனின் ‘குற்றமே தண்டனை’, 2016. பார்வை சுருங்கிக்கொண்டே வரும் ஒருவன், கிரெடிட் கார்டு கடன் வசூலிக்கும் வேலை. பக்கத்தில் நடந்த ஒரு கொலை அவனுக்குக் காசாகிறது. கண் சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான் அவன் தேவை. படம் முடியும்போது நம் கையைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும். ராஜனின் நேர் வாரிசு அவன்தான். முடிவைச் சொல்ல மாட்டேன், பாருங்க.

லோகேஷ் கனகராஜின் ‘மாநகரம்’, 2017, இந்த வழியில்தான் வருகிறது, கொஞ்சம் இதமாக. வேலை தேடிச் சென்னைக்கு வந்தவன் ஆள் மாறி அடி வாங்குகிறான், சர்டிஃபிகேட்டைப் பறிகொடுக்கிறான், இந்த ஊரே மோசம் என்று முடிவு செய்கிறான். அடிபட்டுக் கிடக்கும்போது வேடிக்கை பார்க்கும் நகரம்தான் அதில் குற்றவாளி.

இன்னொரு வழி, சந்தேகத்தை வெளியே அனுப்புகிற வழி. அதே 2017-ல் வந்த எச். வினோத்தின் ‘தீரன் அதிகாரம் ஒன்று’. நெடுஞ்சாலை ஓர வீடுகளில் நடந்த கொலை, கொள்ளைகளை வைத்து எடுத்த படம், அந்த வழக்குகள் நிஜம். சினிமாவாகப் பிரமாதமான வேலை. ஆனால் அது குற்றத்தை ஒரு சமூகத்தின் பிறப்போடு சேர்த்துப் பேசியது. சீர்மரபினர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது, தயாரிப்பாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

அந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே சந்தேகப் பேர்வழி. கைரேகை கொடுக்கணும், ஸ்டேஷனில் ஆஜராகணும், ஊரைவிட்டுப் போக அனுமதி வாங்கணும். மெட்ராஸ் மாகாணத்தில் 1947-ல் ரத்தானது, இந்தியா முழுக்க 1952-ல். பிறப்பை வைத்துச் சந்தேகப்படுவது சட்டப்படி முடிந்து ரெண்டே வருஷத்தில் ‘அந்த நாள்’ வந்தது. சந்தேகத்தைக் கொண்டுபோய்ப் படித்த, பேன்ட் போட்ட, வீட்டில் ரேடியோ வைத்திருக்கிற ஆள் மேல் நிறுத்தியது. பாலசந்தர் இதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் அதைச் செய்திருக்கிறது.

ஓசூரில் இருந்து பார்த்தால்

இதை ஏன் ஓசூர்ல உட்கார்ந்து பேசுறேன்? எழுபதுகளில் இங்கே சிப்காட் வந்தது. அப்புறம் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். இன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் பாதிப் பேர் வேற ஊர்க்காரர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எப்பவுமே இங்கே உண்டு, இப்போ இந்தி, ஒடியா, வங்காளமும் சேர்ந்தாச்சு. பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர். யார் யாரென்று யாருக்கும் தெரியாது. நம்மில் பாதிப் பேர் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம், அங்கே நாம்தான் வெளியூர்க்காரன். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத இந்த மாதிரி ஊர்தான் நுவார் பிறக்கிற ஊர்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு தடவை வரிசையா வண்டி பேட்டரி திருடு போச்சு. வாட்ஸ்அப் குரூப்ல பத்து நிமிஷத்துல தீர்ப்பு வந்துடுச்சு: பின்னாடி ஷெட்ல தங்கியிருக்கிற ‘வடக்கன் பசங்க’. கேமராவை ஓட்டிப் பார்த்தா, நம்ம பிளாக்கிலேயே ஒரு வீட்டுப் பையனும் அவன் நண்பனும். அப்புறம் குரூப்ல ஒரே அமைதி. ஷெட்ல இருந்தவங்ககிட்ட யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லலை.

இது சின்ன விஷயம். பெரிசா நடந்ததும் இருக்கு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து ஒரு குழுவே வந்து விசாரித்தது, தமிழ்நாடு போலீஸ் வழக்குப் போட்டது. இந்தப் பக்கத்தில் சந்தேகம் அவங்க மேல, அந்தப் பக்கத்தில் நம்ம மேல. ரெண்டு பேருக்கும் கதை ஒன்றுதான்: குற்றவாளி வெளியூர்க்காரன்.

‘ரஷோமோன்’ எல்லைக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது. 2014-ல் ரக்ஷித் ஷெட்டி கன்னடத்தில் ‘உளிதவரு கண்டந்தே’ எடுத்தார். மற்றவர்கள் பார்த்தபடி என்று அர்த்தம். கடற்கரை ஊர் ஒன்றில் நடந்ததை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் படம். 2017-ல் அது தமிழில் ‘ரிச்சி’ ஆனது. தமிழ்ப்படம் சரியாகப் போகவில்லை, ஆனால் கன்னட மூலத்தை வசனத்தோட கீழே ஓடும் எழுத்தோடு பாருங்க. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சினிமா நம்ம 1954-க்கு எவ்வளவு பக்கம் என்று தெரியும்.

அப்போ முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். தமிழ் நுவார் 2011-ல் தொடங்கவில்லை. ஆனால் புதுசு பழசின் காப்பியும் இல்லை. பழைய படங்கள் போலீஸை நம்பின, வீட்டைச் சந்தேகப்பட்டன. புதுப் படங்கள் போலீஸை நம்புவதில்லை, அது நியாயமான முன்னேற்றம். சுப்புவைத் தப்பிக்க விட்டதும் முன்னேற்றம். ஆனால் நம்ம வீட்டைச் சந்தேகப்படுகிற தைரியம் ‘குற்றமே தண்டனை’ மாதிரிச் சில படங்களில்தான் மிச்சம் இருக்கிறது. மாசத்துக்கு ஒரு த்ரில்லர் வருது. இனி ஒன்று பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இந்தப் படம் முடிஞ்சதும் நான் யாரைப் பார்த்துப் பயப்படுறேன்? பதில் ‘என்னை மாதிரி ஒருத்தனை’ன்னு வந்தா, அது நல்ல நுவார். ‘ஷெட்ல இருக்கிறவனை’ன்னு வந்தா, படம் எவ்வளவு அழகா இருந்தாலும் கொஞ்சம் யோசிங்க.

முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு என் வரிசை: ‘அந்த நாள்’, ‘புதிய பறவை’, ‘ஆரண்ய காண்டம்’, ‘குற்றமே தண்டனை’. இந்த வரிசையிலேயே பாருங்க, ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாளா பார்த்து. உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ‘அந்த நாள்’ தியேட்டர்ல பார்த்திருந்தா, அவங்க சொல்றதை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய டாக்கீஸ்கள்ல பார்த்தவங்கன்னா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடு மாடர்ன் தியேட்டர்ஸ் பத்தி, அதுல சேர்த்துக்கலாம். சந்திப்போம்.